அவற்றுக்குரிய இடத்தில்

கிரைடர் கேப் தொடக்கப் பள்ளியில் துப்பாக்கிப் பூட்டால் பூட்டப்பட்டிருந்த ஒரே பொருள் ஐஸ்கிரீம்தான்.

மாவட்டப் போலீஸ் அதிகாரியான ஷெரிப்பின் அலுவலகத்திலிருந்து ஆகஸ்டு மாதமே ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பூட்டுகள் வந்து இறங்கியிருந்தன. முழங்கை நீளத்துக்கு மஞ்சள் உறை போட்ட கம்பி, நுனியில் ஒரு குட்டிப் பூட்டு, இரண்டு சாவிகள். கம்பியைத் துப்பாக்கியின் குழலுக்குள் விட்டு வெளியே இழுத்துப் பூட்டிவிட்டால் குண்டு போடவும் முடியாது, சுடவும் முடியாது. வீட்டுக்கு ஒன்று, இலவசம். ஆனால் பள்ளியிலிருந்து எந்தச் சாமான் வீட்டுக்குப் போனாலும் கூடவே ஒரு கடிதம் போகவேண்டும் என்பது எங்கள் பள்ளி வாரியத்தின் விதி. கடிதத்தை வாரியம் ஏற்க வேண்டும். வாரியம் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூடினாலும் முதலில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசும். ஆகவே பெட்டி சமையற்கட்டின் சாமான் அறையில், பீச் பழ டின்களுக்கும் தக்காளிச் சாறுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்காரர்கள் உறைபெட்டியைத் திறந்து ஐஸ்கிரீம் திருடத் தொடங்கியபோது, தலைமைச் சமையற்காரி மார்லிஸ் பயர்லி அதிலிருந்து ஒன்றை உருவிக் கைப்பிடியில் மாட்டினாள். நல்ல பூட்டு. அதற்கப்புறம் ஒரு குச்சி ஐஸ்கூடக் காணாமல் போகவில்லை.

மார்லிஸுக்கு நாற்பத்தோரு வயது. பதினாலு வருடமாக அந்தச் சமையற்கட்டில் நிற்கிறாள். இரண்டு முன்னங்கைகளிலும் அடுப்புக் கம்பிகள் சுட்ட கோடுகள், அளவுகோல் போல. விடியுமுன் ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் பெரிய அடுப்பு சூடேறும். அந்த அடுப்பு அவள் ஒருத்திக்குத்தான் பற்றும். மற்றவர்கள் தொட்டால் புகையும். மகள் டெஸ், மூன்றாம் வகுப்பு. அவளை எழுப்பி, சாப்பாட்டு டப்பா கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவது புருஷன் கர்ட்டின் வேலை. அதை முடித்துவிட்டு அவன் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போவான்.

அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை. முந்தின நாள்தான் முதல் உறைபனி விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் பீட்சா. பதினொன்று நாற்பதுக்கு மூன்றாம் வகுப்பு வரிசை வந்தது. வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள் வரிசைக்கு வரத் தேவையில்லை. ஆனால் டெஸ் வந்து நின்றாள். கையில் வேட்டை உடுப்பைப் போல இலைதழை அச்சடித்த பச்சை டப்பா. அப்பாவுடையது மாதிரியே வேண்டும் என்று போன பிறந்தநாளுக்கு அழுது வாங்கியது.

"அம்மா."

"இங்க அம்மா கிடையாது. மிஸஸ் பயர்லி."

"மிஸஸ் பயர்லி, என் டப்பா கனக்குது."

"உங்கப்பா என்ன வச்சாரு, செங்கல்லா?"

கையுறையைக் கழற்றி, ஜிப்பை இரண்டு விரல்கடை திறந்து பார்த்தாள். ரொட்டியும் மான்கறியில் செய்த பலோனி இறைச்சித் துண்டும் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழைய துண்டு. துண்டின் ஓரத்தில் கர்ட்டின் ரிவால்வர், மரக் கைப்பிடி வெளியே தெரிய.

ஜிப்பை மூடினாள். "ரொட்டி கெட்டுப்போச்சு, கண்ணு. பீட்சா எடுத்துக்கோ."

"நிஜமாவா? ரெண்டு?"

"ரெண்டு."

அதற்குப் பிறகு மார்லிஸ் செய்ததை எல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டப்பாவைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய்ப் பால் கூடைகளுக்குப் பின்னால் வைத்தாள். திரும்பி வந்து கையைக் கழுவினாள். மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்று மிச்சமிருந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பீட்சா வைத்தாள். "ப்ளீஸ் சொல்லு", "பழத்தைத் தள்ளி வைக்காத", "மூக்கைத் துடை" எல்லாம் வழக்கம்போல் சொன்னாள். கடைசிப் பிள்ளை போனபிறகு குளிர் அறைக்குள் போய், ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். இருபது நிமிடம். துண்டைப் பிரித்துப் பார்த்தாள். ஆறு ஓட்டையிலும் குண்டு.

விதி என்ன என்று அவளுக்குத் தெரியும். வருடத் தொடக்கத்தில் நீலத்தாளில் ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான். துப்பாக்கி கொண்டுவரும் பிள்ளைக்கு ஒரு வருடம் வெளியேற்றம். பார்த்த ஊழியர் அந்த நிமிடமே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும். டெஸ்ஸுக்கு எட்டு வயது; பக்கத்துப் பள்ளி நாற்பது மைல். மார்லிஸ் சொல்லவில்லை. கேக் தட்டுக்கு அடியில் டப்பாவை வைத்து, காரின் பின்பெட்டியில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கர்ட் குவாரியிலிருந்து தலை முதல் கால் வரை மாவு பூசினாற்போல் வந்தான். அடுப்பில் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் கொதித்துக்கொண்டிருந்தது. டெஸ் பின்புறம் நாயோடு இருந்தாள். சாப்பாட்டு மேசையில் பச்சை டப்பா. அண்ணாந்து பார்த்தான், குளிர்சாதனப் பெட்டியின் தலையில் இன்னொரு பச்சை டப்பா.

"அட கடவுளே" என்றான்.

"மேல இருக்கிறதுலதான் பலோனி இருக்கு. காலையிலேருந்து. வேணும்னா சாப்பிடு."

"மார்..."

"எதுக்கு கர்ட் சாப்பாட்டு டப்பாவுக்குள்ள?"

"திருடன் வந்தா முதல்ல படுக்கையறையைத்தான் பார்ப்பான். சாப்பாட்டு டப்பாவை எவனும் தொடமாட்டான். யாருக்கும் தோணாத இடம்."

"உன் பொண்ணோட டப்பாவும் அதேதான்!"

"அவ டப்பா மேசைமேலதான் இருக்கும். ரெண்டு நாளா பிஸ்கெட் ஜிப்பைத் திறக்கக் கத்துக்கிட்டான்." பிஸ்கெட் என்பது நாய். "அதனால மேல தூக்கி வச்சேன். பஸ் ஹாரன் அடிச்சுது. கை நீட்டினேன். கையில வந்ததைக் கொடுத்தேன்."

"கொடுத்தியா? நீயா?"

"அதைத்தான் சொல்றேன். அவ எடுக்கவே இல்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் கொடுத்ததுனாலதான் போச்சு. அப்ப, நான் ஒளிச்சு வச்ச இடம் சரியான இடம்தானே?"

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவன் எத்தனையோ பேசியிருக்கிறான். இது அத்தனையையும் மிஞ்சியது.

"குண்டு வேற போட்டு வச்சிருக்க."

"குண்டு போடாம வச்சா அது சுத்தியல்."

திங்கட்கிழமை அவள் பெட்டியிலிருந்து இன்னொரு பூட்டை எடுத்துவந்து கொடுத்தாள். கர்ட் அதை இழுத்துப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான். "நல்ல பூட்டு" என்று மெச்சினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய், மான் வேட்டைக்காக மரத்தில் சாத்தியிருக்கும் ஏணி இருக்கையை அந்தப் பூட்டாலேயே மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வந்தான். போன வருடம் அவன் ஒன்றுவிட்ட தம்பி அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். ரிவால்வர் சலவை இயந்திரத்துக்கு மேலே, சோப்புத்தூள் வாளிக்குள் குடியேறியது. யாருக்கும் தோணாத இடம்.

வீட்டில் தோற்றவள் வாரியத்தில் ஜெயிக்கலாம் என்று நினைத்தாள். பாவம், அவள் வாரியத்தைச் சமையற்கட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

கடிதத்தை அவள் சொல்ல, அலுவலகத்தில் இருக்கும் கேல் டைப் அடித்தாள். நாலே வரி. "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் குண்டுகளை வெளியே எடுங்கள். துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். குண்டுகளை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம்."

"என்னடி திடீர்னு?" என்றாள் கேல்.

"பெட்டி இடத்தை அடைக்குது. தக்காளி டின் வைக்க இடமில்ல."

கேல் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். 

வாரியக் கூட்டம் நூலகத்தில் நடக்கும். பொதுமக்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் முகவாயை முட்ட உட்காரவேண்டும். தலைவர் ஹார்வி ஸ்ட்ரூபிள் மட்டும் தன் தீவனக் கடையிலிருந்து சுழல் நாற்காலி கொண்டுவந்து நிரந்தரமாகப் போட்டிருந்தார். ஹார்விக்கு ஒரு பழக்கம்: எதைச் சொன்னாலும் தேசியக் கொடியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார், அது தலையாட்டுகிறதா என்று பார்ப்பதுபோல. பக்கத்தில் கண்காணிப்பாளர் டாக்டர் ஆல்வின் பெக். பள்ளிப் பேருந்துகள் இடப்பக்கம் திரும்புவது பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆனவர். அந்தப் பக்கம் வினிஃப்ரெட், ஓய்வுபெற்ற பியானோ டீச்சர். மற்ற நாலு பேர் கை தூக்குவார்கள்.

அக்டோபர் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் தீயணைப்புத் தொண்டர்களின் குலுக்கல். முதல் பரிசு ஒரு வேட்டைத் துப்பாக்கி. வரும் வருமானம் பள்ளி வாத்தியக் குழுவின் சீருடைக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சீட்டு விற்பதில் மாவட்டத்திலேயே முதல் என்று ஹார்வி அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மார்லிஸும் தட்டினாள். டெஸ்ஸின் பையில் ஒரு சீட்டுப் புத்தகம் இருந்தது.

பிறகு கடிதம் வந்தது.

"இதுல ஒரு சொல் இடிக்குது" என்றார் ஹார்வி. "'துப்பாக்கி.' எட்டு வயசுப் பிள்ளை பையில இந்தச் சொல்லை வச்சு வீட்டுக்கு அனுப்பலாமா? பிள்ளைங்க மனசு என்ன ஆகும்?"

"குலுக்கல் சீட்டுல அதே சொல்தான் இருக்கு. படத்தோட" என்றாள் மார்லிஸ் சின்ன நாற்காலியிலிருந்து.

"அது பரிசு."

"'ஆயுதம்'னு போடலாமே" என்றார் டாக்டர் பெக்.

"ஆயுதம் பட்டாளத்துல இருக்கும் ஆல்வின். எங்க வீட்ல இருக்கிறது எங்க தாத்தா விட்டுட்டுப் போன கருவி."

"அப்போ 'வேட்டைக் கருவி'."

"எங்க வீட்டுல வேட்டைக்குப் போறவங்க யாருமில்லையே" என்றாள் வினிஃப்ரெட். "என்னோடது கைப்பையில இருக்கு. கரடி வந்தா வேணுமேன்னு."

"அம்மா, இப்போ கைப்பையிலயா இருக்கு?" என்றாள் கேல் குறிப்பு எழுதிக்கொண்டே.

"இல்லம்மா, இது பள்ளிக்கூடமாச்சே. கார்ல இருக்கு."

'கருவிகள்' என்று திருத்தப்பட்டது. ஹார்வி கொடியைப் பார்த்தார். "அடுத்தது 'பூட்டி'. ஒருத்தன் வீட்டுக்குள்ள அவன் எதைப் பூட்டணும், எதைத் திறக்கணும்னு சொல்ல நாம யாரு? நம்ம அப்பா, தாத்தா சண்டை போட்டு வாங்கினது என்ன?"

கடிதம் கொள்கைக் குழுவுக்குப் போனது. கொள்கைக் குழு என்றால் அதே ஏழு பேர், காபியோடு. வாரம் ஒருமுறை கேல் திருத்திய படியைக் கொண்டுவந்து சமையற்கட்டில் படிப்பாள். மார்லிஸ் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே கேட்பாள். முதல் வாரம் குண்டுகள் போயின. இரண்டாம் வாரம் சாவி போயிற்று; சாவி என்றால் பூட்டு இருப்பதாக அர்த்தமாகிறதாம். மூன்றாம் வாரம் 'கருவிகள்' குவாரிக்காரர்களைக் குறிப்பதாகத் தப்பாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று யாருக்கோ தோன்றியது. நவம்பர் நடுவில் கடிதம் ஒரே வரியாகக் குணமாகியிருந்தது:

"வீட்டில் உள்ள பொருள்களை அவற்றுக்குரிய இடத்தில் வைக்கும்படி அன்புடன் நினைவூட்டுகிறோம்."

"இதை என் புருஷனுக்கு அனுப்பணும்" என்றாள் கேல். "சாக்ஸுக்கு."

மார்லிஸ் சிரிக்கவில்லை. மசிப்பதையும் நிறுத்தவில்லை. கிழங்கு கூழாகிப் பசையாகிக்கொண்டிருந்தது.

"பூட்டெல்லாம்?"

"கடிதத்துல பூட்டுன்னு சொல் இல்லாததால பூட்டு அனுப்ப முடியாதாம். பெட்டியை ஷெரிப்புக்கே திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு டாக்டர்."

அன்று சாயங்காலம் அவள் துணி துவைக்கப் போனாள். டெஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சோப்பு வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். "வாத்தியக்குழு சட்டையை நானே துவைக்கிறேன்மா" என்றாள். மூடி பாதி திறந்திருந்தது. மார்லிஸ் வாளியை வாங்கி மேலே வைத்தாள். சோப்புத்தூள் தரையில் கொட்டியது.

கர்ட்டிடம் சொன்னாள். "அப்ப வேற இடம் பார்க்கணும்" என்றான் அவன்.

நவம்பர் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை. வெளியே மழையா பனியா என்று முடிவுசெய்யாத ஒன்று பெய்துகொண்டிருந்தது. மார்லிஸ் நேராகச் சமையற்கட்டிலிருந்து வந்திருந்தாள், தலையில் வலை அப்படியே. மறுநாள் வான்கோழி விருந்து. பெற்றோர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். வான்கோழிகளுக்கு உப்புத் தடவிவிட்டு வந்திருந்தாள்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். அதை அளக்க ஹார்வி வைத்திருந்தது கோழி வடிவ மணிக்கருவி. சமையற்கட்டிலிருந்து இரவல் போய்த் திரும்பாதது. மார்லிஸ் எழுந்ததும் அவளுடைய கோழியே அவளைப் பார்த்து டிக் டிக் என்றது.

"முதல்ல இருந்த கடிதத்தை அனுப்புங்க" என்றாள். "நாலு வரிதான். பூட்டு சும்மா கிடக்குது."

"மார்லிஸ், உங்க அக்கறை எங்களுக்குப் புரியுது" என்றார் ஹார்வி. மேடைப் பேச்சுக்கு நாற்காலி போதாமல் எழுந்துகொண்டார். "ஆனா எங்கயோ பெரிய ஊர்ல நடக்கிறதை வச்சு நம்ம ஜனங்களை நாம சந்தேகப்படலாமா? நம்ம பிள்ளைங்க பால் பல்லு விழறதுக்கு முன்னாடியே துப்பாக்கிக்கு மரியாதை கத்துக்குதுங்க. இந்தப் பள்ளி தொடங்கி அறுபத்தெட்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு சம்பவம்! யாராவது சொல்லுங்க பார்ப்போம். ஒண்ணே ஒண்ணு!"

அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அப்புறம் கை தட்டுவதுதான் வழக்கம். இரண்டு பேர் தட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அக்டோபர் பதினேழு" என்றாள் மார்லிஸ். "பீட்சா."

"என்னது?"

"பீட்சா அன்னிக்கு. பதினொன்னு நாப்பது, மூணாம் வகுப்பு வரிசை. சாப்பாட்டு டப்பாவுக்குள்ள ரிவால்வர். ஆறு குண்டும் உள்ள. பிள்ளைக்குத் தெரியாது, கனக்குதுன்னு மட்டும் சொன்னா. நான் அதைப் பாலுக்குப் பின்னாடி வச்சுட்டு பீட்சா பரிமாறினேன்."

தட்ட ஆரம்பித்த இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"யார் பிள்ளை?" என்றார் டாக்டர் பெக். 

"என் பிள்ளை."

கோழி கிணுகிணுத்தது.  "நேரம் முடிஞ்சுது" என்றார் ஹார்வி.

பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நடைக்கூடத்தில், பிள்ளைகள் கைப்பதித்து வரைந்த காகித வான்கோழிகளுக்குக் கீழே, கேல் அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கிட்டகூடச் சொல்லலியேடி பாவி!"

"சொல்லியிருந்தா நீ மேல சொல்லணும். இல்லன்னா உனக்கும் வேலை போகும்."

"நாலு வாரமா அந்த 'பொருள்', 'பொருள்'னு நான் டைப் அடிச்சுட்டு வந்து ஜோக் சொல்லிட்டிருந்தேன். நீ கிழங்கைப் போட்டு அந்தக் குத்து குத்தினப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"டெஸ்ஸை ஒரு வருஷம் வெளிய போட்டுட்டா என்ன பண்ணுவேன், கேல்?"

கேல் மூக்கைச் சிந்தினாள்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அறுபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு வேகமாக எங்கள் வாரியம் ஒரு முடிவுக்கு வந்ததில்லை. டாக்டர் பெக் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். மாணவர்களின் பாதுகாப்பே வாரியத்தின் முதல் கடமை. ஆகவே உடனடியாக அமலுக்கு வரும்படி, வீட்டிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாக்கள் எல்லாம் உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி கண்ணாடி போன்று இருக்கவேண்டும். இலைதழை அச்சு அறவே கூடாது. மூடியின்மேல் பெயர் எழுதியிருக்கவேண்டும்.

"பிளாஸ்க்கும் சேர்த்தா?" என்றாள் வினிஃப்ரெட்.

"பிளாஸ்க்கும்."

ஏழு கைகளும் உயர்ந்தன. அந்த ஒருவரிக் கடிதம் அப்படியே ஏற்கப்பட்டது. டப்பா அறிவிப்போடு சேர்த்து அனுப்பினால் காகிதம் மிச்சம்.

டாக்டர் பெக் மார்லிஸைத் தனியே, தேசப்படங்கள் அலமாரிக்குப் பக்கம் அழைத்தார். "டெஸ் விஷயத்துல எனக்குச் சலுகை காட்ட அதிகாரம் இருக்கு. ஒரு வருஷம் இல்ல, பத்து நாள். உங்களைத்தான் வேற வழியில்லாம... நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. நீங்க அன்னிக்கே சொல்லலை. விசாரணை முடியுற வரைக்கும் நீங்க பிள்ளைங்க பக்கத்துல இருக்கக்கூடாது."

"சரி."

"வியாழக்கிழமையிலேருந்து."

"நாளைக்கு?"

அவர் டையைச் சரிசெய்தார். "நாளைக்கு வான்கோழி இருக்கே. அந்த அடுப்பு வேற யாருக்கும்..."

பிள்ளைகள் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லாதவள், ஆனால் நாளை வான்கோழிக் குழம்பு கெட்டியானபிறகுதான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பதினொன்றுக்குப் பெற்றோர்கள் வந்து குவிந்தார்கள். ஈரக் கோட்டு, குவாரி பூட்ஸ், கூடைத் தொட்டிலில் கைக்குழந்தை. எங்கள் பள்ளித் தட்டில் ஆறு குழிகள் உண்டு. வான்கோழி, ரொட்டிப் பூரணம், உருளைக்கிழங்கு, சோளம், கிரான்பெரிப் பழக்கூழ். ஆறாவது குழி காலியாகவே போகும். அன்று போகவில்லை. ஷெரிப்புக்கு இன்னும் திருப்பி அனுப்பாத அட்டைப்பெட்டியைக் காலடியில் திறந்து வைத்துக்கொண்டு, பெரியவர்களின் தட்டு வரும்போதெல்லாம் மார்லிஸ் ஆறாவது குழியில் மஞ்சள் கம்பிச் சுருள் ஒன்றை வைத்தாள். சமையற்கட்டுப் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றைய செய்தி இரவுக்குள் பள்ளத்தாக்கின் கடைசிப் பண்ணை வரை போய்ச் சேர்ந்திருந்தது.

"இது எதுக்கு, கிரான்பெரி ஓடிடுமா?" என்றான் ஒருவன்.

"துப்பாக்கிக்கு. குழல்ல விட்டுப் பூட்டு."

"எங்க வீட்ல பதினொண்ணு இருக்கே."

"பதினொண்ணா எடுத்துக்கோ."

ஒருத்தி இரண்டு எடுத்துக்கொண்டாள். ஒருவன் கரண்டியால் தள்ளித் திருப்பி வைத்தான். ஒரு தாய், டெஸ்ஸின் வகுப்புத் தோழியின் அம்மா, தட்டைப் பிடித்தபடி மார்லிஸின் முகத்தைப் பார்க்காமலேயே, "எங்க வீட்ல மாவு டப்பாவுக்குள்ள" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள்.

ஹார்வி இரட்டைப் பேத்திகளோடு வந்தார். தட்டைப் பார்த்தார். சுற்றிலும் கொடி எதுவும் இல்லை.

"மார்லிஸ், இது என்ன?"

"பொருள், மிஸ்டர் ஸ்ட்ரூபிள்."

"இதுக்கு வாரியத்தோட அனுமதி..."

"அதுக்குரிய இடத்துல வைங்க. அன்போட நினைவூட்டறேன்."

பின்னாலிருந்து யாரோ, "ஹார்வி, நகருப்பா! உருளைக்கிழங்கு ஆறுது" என்றான். பேத்திகள் இரண்டும் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தன. அவர் நகர்ந்தார். பூட்டின்மேல் குழம்பு வழிந்திருந்தது.

கர்ட் கடைசியில் வந்தான். முகம் கழுவியிருந்தான், காதோரத்தில் மட்டும் சுண்ணாம்பு. நேற்றிரவே அவள் நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லியிருந்தாள். தட்டை நீட்டினான். அவள் வைத்தாள்.

"ஏற்கெனவே ஒண்ணு கொடுத்தியே."

"அது மரத்துக்கு. இது வீட்டுக்கு."

விருந்து முடிந்தபின் கேலும் அவளும் மேசைகளைத் துடைத்தார்கள். குப்பைத்தொட்டியில் சில, நாற்காலிக்கு அடியில் சில, கிரான்பெரியில் மூழ்கி ஒன்று. எடுத்துக் கழுவிப் பெட்டியில் போட்டார்கள். மிச்சமெல்லாம் போயிருந்தன. எங்கே போயின என்றால், இன்றைக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் மஞ்சள் கம்பியைப் பார்க்கலாம்: கன்றுக்குட்டிப் பட்டியின் கதவில், படகில், சைக்கிளில், மரம் அறுக்கும் ரம்பத்தில். நல்ல பூட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை துப்பாக்கிக்குப் போயின என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது அரசியல்.

மார்லிஸ் தலைவலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஐஸ்கிரீம் பூட்டின் சாவியைக் கேலிடம் கொடுத்தாள். நூலகத்திலிருந்த தன் மணிக்கோழியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் டெஸ் மேசையில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிவந்த கண்ணாடி டப்பாவின் மூடியில் ஊதா மையால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். பத்து நாள் போகப்போவதில்லை, ஆனாலும் எழுதினாள்.

"அம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?"

மார்லிஸ் வாயெடுக்குமுன் கர்ட் சொன்னான். பாத்திரத் தொட்டியில் சாய்ந்து நின்றபடி, தரையைப் பார்த்துச் சொன்னான். "நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் தப்பான டப்பாவை எடுத்துக் கொடுத்துட்டேன்."

டெஸ் பேனாவை நிறுத்தி யோசித்தாள். "அப்ப உனக்கு எத்தனை நாள்?"

அந்தக் கேள்விக்கு வாரியத்திலும் பதில் இல்லை, நீலத்தாளிலும் இல்லை. கர்ட் நாயைப் பார்த்தான். நாய் வேறு பக்கம் பார்த்தது.

டெஸ் நாயை இழுத்துக்கொண்டு வெளியே போனபிறகு, அவன் சலவை அறைக்குப் போய் ரிவால்வரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். சோப்பு வாசனை. குழல் வழியாக மஞ்சள் கம்பி போயிருந்தது, பூட்டு விழுந்திருந்தது. குண்டுகள் ஆறும் தனியே ஒரு காபி டின்னில்.

"பூட்டிட்டேன்" என்றான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சாவி?"

 அவன் கண் தானாக மேலே போயிற்று: குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு. அங்கே இரண்டு பச்சை டப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மார்லிஸ் கத்தவில்லை. கத்துவதற்கு இருந்ததையெல்லாம் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தாள். சூட்டுக்கோடுகள் விழுந்த வலது கையை மட்டும் நீட்டினாள். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கர்ட் எட்டி ஒரு டப்பாவை எடுத்தான். கொடுக்கப் போனவன் நிறுத்தினான். ஜிப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதைத் திரும்ப மேலே வைத்தான். பிறகு இன்னொன்றை எடுத்தான்.